கண்வலிப்பூவுக்கு ஏன் அந்தப் பெயர்? காந்தள், தோன்றி, கார்த்திகைப்பூ எல்லாம் ஒரே பூவா?

கிளுவைவேலி:
போன வாரம் நத்தம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிளுவை வேலி முழுக்க ஒரு கொடி ஏறிப் பூத்திருந்தது, தீக்கொழுந்தை ஒவ்வொன்றாகக் காம்பில் செருகி வைத்த மாதிரி. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் "அப்பா, செங்காந்தள்! நம்ம மாநில மலர்!" என்று ஓடினாள். திண்ணையில் இருந்த அப்பத்தா அங்கிருந்தே சத்தம் போட்டது: "அடியே, அதப் பாக்காத, கண்ணு வலி வந்துரும்!"

அப்பத்தாவுக்கு அது கண்வலிப்பூ. பாடப்புத்தகத்துக்குச் செங்காந்தள். கைபேசியில் தேடினால் கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ, தோன்றி, அக்கினிச்சிகை, வெண்தோண்டி என்று ஒரு பட்டியலே வருகிறது. ஒரு பூவுக்கு இத்தனை பெயரா, இல்லை நாலைந்து பூவை ஒன்றாகப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்களா? முக்கியமாகக் கண்வலி என்ற பெயர் எப்படி வந்தது, காந்தள் என்றால் என்ன பொருள்? மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், விடமாட்டேன் என்கிறாள்.

மூலனூர்மருமகள்:
அண்ணா, எங்கள் வீட்டில் அது மாநில மலரும் இல்லை, சங்க இலக்கியமும் இல்லை, கடன் அடைக்கிற வெள்ளாமை. "இந்த வருஷம் ரெண்டு ஏக்கர் கண்வலி போட்டிருக்கோம்" என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர் கேட்டால் முழிப்பார்கள். காந்தள் என்று இங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

விதைக்காகத்தான் போடுகிறோம், மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. இந்தப் பூவை அதன் பாட்டுக்கு விட்டால் காய் சரியாகப் பிடிக்காது. காலையில் பூ விரிந்ததும் ஒவ்வொரு பூவாக மகரந்தத்தை எடுத்து, பூவின் பெண் பாகத்து நுனியான சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். ஒரு ஏக்கரில் எத்தனை பூ இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பதினோரு மணிக்குள் முடிக்கவேண்டும், அதற்குள் இடுப்பு விட்டுப்போகும், விரல் நுனியெல்லாம் மஞ்சளாகிவிடும். கல்யாணமாகி வந்த முதல் வருஷம், வியர்வை கண்ணில் இறங்குகிறதே என்று முந்தானையால் துடைக்காமல் அந்தக் கையாலேயே துடைத்துவிட்டேன். சாயங்காலம் வரை கண்ணைத் திறக்க முடியவில்லை, நீராகக் கொட்டியது. மாமியார் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, "பேருலயே இருக்குதே, படிச்ச பொண்ணுக்குத் தெரியாதா" என்றார். ஆகவே பெயர் எப்படி வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பச்சிலைப்பை:
நான் நேர் எதிராகக் கேள்விப்பட்டிருக்கிறேன். கண்வலியைத் தீர்க்கும் பூ, அதனால் கண்வலிப்பூ. விடிகாலையில் இந்தப் பூவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கண் நோய் போகும் என்று எங்கள் ஊரில் ஒரு பெரியவர் சொல்வார். நம் ஆட்கள் நோயைத் தீர்க்கும் செடிக்கு நோயின் பெயரையே வைப்பார்கள். முடக்கத்தான் இல்லையா?

சந்தேகி:
முடக்கத்தானை இழுக்காதீர்கள். அது முடக்கு அறுத்தான். அறுக்கிறது என்று பெயரிலேயே சொல்லியாயிற்று. கண்வலியைத் தீர்ப்பதாக இருந்தால் கண்வலிபோக்கி என்றோ வேறு எப்படியோ வைத்திருப்பார்கள். வெறுமனே கண்வலி என்று வைத்தால் அது புகார், பாராட்டு இல்லை.

இன்னொன்று. கிராமத்தில் கண்வலி என்றால் வெறும் வலி கிடையாது, மெட்ராஸ் ஐ. மழைக்காலத்தில்தான் அது வீட்டுக்கு வீடு தொற்றும். இந்தப் பூவும் அதே மழைக்காலத்தில்தான் வேலியில் ஏறும். பூவும் சிவப்பு, கண்ணும் சிவப்பு. இதற்குமேல் அப்பத்தாக்களுக்கு வேறு சாட்சி தேவையா? மூலனூர் அக்கா சொல்வது கையில் பட்ட அனுபவம், மறுக்கவில்லை. ஆனால் கண்வலிப்பூ என்ற பெயர் அங்கே வெள்ளாமை வருவதற்கு முன்பே இருந்தது. வேலியில் கிடந்த பூவை யாரும் காலையில் போய் மகரந்தம் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. எனவே எனது ஓட்டு மழைக்காலத்துக்கு.

பச்சிலைப்பை:
சரி, ஒப்புக்கொள்கிறேன், பாதி.

மூலனூர்மருமகள்:
ஒன்று சொல்லிவிடுகிறேன், யாராவது இதைப் படித்துவிட்டுக் கிழங்கை அரைத்துக் கண்ணில் போடப் போகிறார்கள். கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். விதைக்கிழங்கைச் சமையல்கட்டுப் பக்கமே கொண்டுவர மாட்டோம், வள்ளிக்கிழங்கோடு கலந்துவிட்டால் தொலைந்தது.

தமிழையா_ஓய்வு:
வணக்கம். கண்வலிக்கு நான் வரவில்லை, காந்தளுக்கு வருகிறேன். காந்து என்பது வினைச்சொல். மிளகாய் பட்ட இடம் காந்துகிறது, வயிறு காந்துகிறது என்று இன்றும் சொல்கிறோம். எரிவது, அழல்வது, கனல்வது. காந்து என்பதிலிருந்து காந்தள், கனலும் பூ. வடமொழியில் இதற்கு அக்கினிசிகை என்று பெயர், தீயின் கொழுந்து. இரண்டு மொழியும் ஒரே காட்சியைத்தான் பார்த்திருக்கின்றன.

குறுந்தொகையின் முதல் பாட்டே இந்தப் பூவில்தான் முடிகிறது. தலைவன் காந்தளைக் கையுறையாக, அதாவது காதல் பரிசாகக் கொண்டுவருகிறான். தோழி வாங்க மறுக்கிறாள்: எங்கள் மலை முருகன் மலை, அது "குருதிப் பூவின் குலைக்காந் தட்டே", நீ கொண்டுவந்து தர என்ன இருக்கிறது என்கிறாள். திப்புத்தோளார் பாட்டு. தொல்காப்பியத்தில் முருகன் பூசாரியான வேலன் சாமியாடும் வெறியாட்டுக்கே காந்தள் என்று பெயர், "வெறியாட்டு அயர்ந்த காந்தளும்". அந்தப் பூவைச் சூடி ஆடுவதால் அந்தப் பெயர் என்பது உரை.

கிளுவைவேலி:
ஐயா, அப்படியானால் "கண்ணு காந்துது" என்று அப்பத்தா சொல்வதும் இதே காந்துதானே! காந்தளும் கண்வலியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றனவே!

சந்தேகி:
நிறுத்துங்கள் நிறுத்துங்கள். இதுதான் நம் வியாதி. ஒரு சொல்லைப் பார்த்ததும் அதன் முதல் மூன்று எழுத்தைக் கிள்ளி எடுத்து வேர் கண்டுபிடித்துவிடுவோம். காந்து + அள் என்றால் மஞ்சளுக்கு மஞ்சு வேரா, திங்களுக்குத் திங்கு வேரா? விட்டால் காந்தமும் காந்தியும் இதிலிருந்துதான் என்பீர்கள். காந்தள் காந்துவிலிருந்து வந்திருக்கலாம், நன்றாகவும் இருக்கிறது. நன்றாக இருப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.

தமிழையா_ஓய்வு:
தம்பி, பயம் நல்லதுதான். ஆனால் சொல்லை உதறவேண்டாம். "சுடர்ப்பூங் காந்தள்" என்கிறார் திருமுருகாற்றுப்படையில் நக்கீரர். சுடர் என்ற அடைமொழி சும்மா வராது. அந்தக் காலத்துப் புலவருக்கும் அது நெருப்பாகத்தான் தெரிந்திருக்கிறது. அதற்குமேல் நானும் சத்தியம் செய்யமாட்டேன்.

இலைக்காம்பு:
தாவரவியல் முதுகலை படிக்கிறேன், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்தப் பூவில் நீண்ட நாளாக ஒரு உறுத்தல் உண்டு. ஐயா சொன்ன அதே குறுந்தொகையில் 239ஆம் பாட்டு, "சிலம்புடன் கமழும் அலங்குகுலைக் காந்தள்". மலைச்சாரல் முழுக்க மணக்கிறதாம். நான் வேலியில், தோட்டத்தில், மலையில் எங்கே பார்த்தாலும் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டேன் (தோழிகள் சிரிப்பார்கள்), வாசனை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. குலைக்காந்தள் என்கிறார்கள், ஆனால் பூ ஒரு காம்புக்கு ஒன்றுதான் வருகிறது. கொடி நுனியில் அடுத்தடுத்து நெருங்கி வருவதால் தூரத்தில் குலை மாதிரி தெரியும், அவ்வளவுதான். நாம் இன்று செங்காந்தள் என்று சொல்லும் பூதான் சங்கக் காந்தளா?

அப்புறம் வண்டு விஷயம். இதே 239இல் தும்பி வந்து "நறுந்தாது" ஊதுகிறது. ஐயா மேற்கோள் காட்டிய திருமுருகாற்றுப்படை வரியை முழுசாகச் சொன்னால் "சுரும்பும் மூசாச் சுடர்ப்பூங் காந்தள்". வண்டே மொய்க்காத காந்தள்! ஒருவர் மொய்க்கிறது என்கிறார், ஒருவர் மொய்க்காது என்கிறார்.

தமிழையா_ஓய்வு:
மகளே, அது முருகன் சூடும் பூ, தெய்வத்துக்கு உரியது, அதனால் வண்டு தொடாது என்று உரைகாரர் சமாதானம் சொல்வார்கள்.

இலைக்காம்பு:
சமாதானம் வேண்டாம் ஐயா, சண்டை போடுவோம் :) பூவின் அமைப்பைப் பாருங்கள். ஆறு இதழ். மொட்டாக இருக்கும்போது கீழ்நோக்கித் தொங்குகிறது, விரியும்போது இதழ் ஆறும் அப்படியே பின்பக்கமாக மேலே மடிந்து நின்றுவிடும், ஓரமெல்லாம் நெளிநெளியாக. அதனால்தான் தீக்கொழுந்து. மகரந்தப் பைகள் ஆறு கம்பிகளின் நுனியில் தள்ளிச் சுற்றி நிற்கின்றன. சூல்தண்டு அடியிலேயே திடீரென்று ஒரு பக்கமாகத் திரும்பி, ஆறு கம்பிக்கும் எட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டு போகிறது. பூ தன் மகரந்தத்தைத் தானே தொடாதபடி கட்டியிருக்கிறது. மூலனூர் அக்கா குனிந்து குனிந்து தொட்டு வைப்பது இதனால்தான். சிறு வண்டு வந்து தேனை எடுத்துக்கொண்டு எதையும் தொடாமலே போய்விடலாம்.

இலை நுனியைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒவ்வொரு இலையும் நுனியில் நூலாக மெலிந்து, சுருண்டு, எதையாவது பிடித்துக்கொள்ளும். கிளுவை வேலியில் ஏறியது அந்தச் சுருளை வைத்துத்தான்.

மூலனூர்மருமகள்:
இப்போதுதான் தங்கச்சி புரிகிறது, அந்தத் தண்டு ஏன் கோணலாக நிற்கிறது என்று. நாங்கள் திட்டிக்கொண்டே தொடுவோம்.

தமிழையா_ஓய்வு:
கோணல் என்றதும் ஒன்று. வெண்காந்தளுக்குப் பழைய பெயர் கோடல். கோடுதல் என்றால் வளைதல். "கோடல் எதிர்முகைப் பசுவீ முல்லை" என்று குறுந்தொகை 62. புறநானூறு 90இல் ஔவையார் "உடைவளை கடுப்ப மலர்ந்த காந்தள்" என்கிறார், உடைந்த வளையல் மாதிரி மலர்ந்ததாம். அக்காலத்து வளை சங்கு வளை, வெள்ளை. வெண்காந்தளைச் சொல்கிறார் என்றுதான் கொள்ளவேண்டும். மடிந்து வளைந்த வெள்ளை இதழுக்கு உடைந்த சங்கு வளையை விட நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை.

சந்தேகி:
வெள்ளைக் காந்தளை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

இலைக்காம்பு:
இந்தப் பூ விரிந்த அன்று இளம்பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடி மஞ்சளும் நுனிச் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்றும் பார்க்கலாம். சிவக்காமல் மஞ்சளாகவே நின்றுவிடும் வகையும் உண்டு. பால் வெள்ளையாக நான் பார்த்ததில்லை. ஆகவே கோடல் இதே செடியின் வெளிறிய வகையாகவும் இருக்கலாம், வேறு பூவாகவும் இருக்கலாம். மணம் உள்ள காந்தள் அதுதானோ என்னவோ.

மூலனூர்மருமகள்:
கலப்பைக்கிழங்கை யாரும் கேட்கவில்லையே? அதில் ஆராய்ச்சியே தேவையில்லை. தோண்டி எடுத்தால் கிழங்கு இரண்டு கையாகப் பிரிந்து, விரல் தடிமனில், வளைத்து ஒடித்த கம்பு போல, அசல் பழைய மரக்கலப்பை. முளை அந்த இரண்டு கையின் நுனியில் மட்டும்தான் வரும். ஆளை விட்டுத் தோண்டும்போது நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு நடவுக்கு ஆகாது, அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது குப்பைக்குப் போகும். அதனால் கிழங்கு தோண்டும் நாளில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசமாட்டோம்.

தமிழையா_ஓய்வு:
வடமொழியில் லாங்கலி என்பதும் அதே கலப்பைதான் அம்மா. லாங்கலம் என்றால் கலப்பை. மண்ணுக்கு மேலே பார்த்தவன் தீ என்றான், மண்ணுக்குக் கீழே தோண்டியவன் கலப்பை என்றான்.

சந்தேகி:
அதே உங்கள் கோஷ்டியில் இன்னொரு பாட்டு இருக்கிறதே ஐயா, "முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்". புதுப்பெண் காந்தள் போன்ற விரலால் தயிர் பிசைகிறாள், கணவன் இனிது என்று சாப்பிடுகிறான். இந்தச் செடியின் விஷமான கோல்ச்சிசின் உள்ள விரல்! அந்த ஆள் பிழைத்தாரா?

தமிழையா_ஓய்வு:
கூடலூர் கிழார் மன்னிப்பாராக. அது இதழின் வடிவம் தம்பி, விஷம் இல்லை.

வடமராட்சியான்:
எங்கட பக்கம் இதற்குக் கார்த்திகைப்பூ என்றுதான் பெயர், கிழங்கு கார்த்திகைக்கிழங்கு. காந்தள் பள்ளிக்கூடச் சொல். மாரி தொடங்கி, பற்றைக்குள்ளே இருந்து கொடி வந்து, சரியாகக் கார்த்திகை மாதம் பூத்துக் குலுங்கும். அதுதான் பெயர்க்காரணம், வேறு ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சிங்களத்தில் நியங்கலா என்பார்கள். எங்கட சனத்துக்கு அந்தப் பூவில் வேறு ஒரு கனமும் இருக்கிறது, அதை இங்கே இழுக்கவில்லை. அம்மா அந்தப் பூவைப் பறிக்க விடமாட்டா, சின்ன வயதில் அடியும் வாங்கியிருக்கிறேன். கண்வலி என்ற கதை எங்களிடம் இல்லை, நஞ்சு என்ற பயம்தான்.

கிளுவைவேலி:
ஒரு சந்தேகம். நேற்று இரவு உட்கார்ந்து குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன், கபிலர் அடுக்கும் 99 பூ. தொடக்கமே "வள்ளிதழ் ஒண்செங் காந்தள், ஆம்பல், அனிச்சம்". கொஞ்சம் தள்ளி "கோடல், கைதை". இன்னும் தள்ளி "தும்பை, துழாஅய், சுடர்ப்பூந் தோன்றி". அகராதியில் தோன்றி என்று தேடினால் செங்காந்தள் என்று போட்டிருக்கிறது! அப்படியானால் கபிலர் ஒரே பூவை இரண்டு தடவை எண்ணினாரா? 99 என்பது 98தானா?

சந்தேகி:
இது நல்ல கேள்வி. மலை மலையாகத் திரிந்த ஆளுக்கு ஒரு பூவை இரண்டு தடவை எண்ணுகிற அளவுக்கு மறதி வராது. எனவே தோன்றி வேறு பூ. அகராதி தவறு. முடிந்தது.

தமிழையா_ஓய்வு:
அவசரம். அதே பட்டியலில் "எருவை, செருவிளை, மணிப்பூங் கருவிளை" என்று ஒரு வரி வருகிறது. செருவிளை வெள்ளைச் சங்குப்பூ, கருவிளை நீலச் சங்குப்பூ. இரண்டும் ஒரே கொடி இனம், நிறம்தான் வேறு. கபிலர் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார். பூப்பறிக்கும் பெண்களுக்கு நிறம் வேறானால் பூ வேறு. அந்தக் கணக்கில் காந்தள், கோடல், தோன்றி மூன்றும் ஒரே குடும்பத்தின் மூன்று முகமாக இருக்கத் தடையில்லை.

இன்னொன்று கவனித்தீர்களா? நக்கீரர் "சுடர்ப்பூங் காந்தள்", கபிலர் "சுடர்ப்பூந் தோன்றி". ஒரே அடைமொழி. நாற்பது வருஷம் இரண்டையும் வகுப்பில் நடத்தினேன், இன்றுவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தோவாளைக்காரி:
எல்லோரும் தோன்றி செத்துப்போன சொல் மாதிரிப் பேசுகிறீர்கள். என் அம்மாவைப் பெற்ற பாட்டி வீடு கேரளத்தில் நெய்யாற்றின்கரை, மலையாளம் பேசும் ஊர். அங்கே இந்தப் பூவுக்கு மேந்தோன்னி என்று பெயர், இன்றைக்கும். தோன்னி என்றால் தோன்றிதானே?

சந்தேகி:
சத்தம் ஒன்றாக இருந்தால் போதுமா?

தோவாளைக்காரி:
அண்ணா, எல்லைக்கோட்டுக்காரியிடமா? நாம் ஒன்று என்றால் அவர்கள் ஒன்னு. மூன்று மூன்னு. கன்று கன்னு. குன்று குன்னு. இந்த ன்ற எல்லாமே அங்கே ன்ன ஆகும், விதிவிலக்கு தேடினாலும் கிடைப்பது கஷ்டம். அப்படியானால் தோன்றி தோன்னிதான், வேறு என்னவாக ஆகும்? முன்னால் நிற்கும் "மேன்" மேல் என்பதா வேறா என்று எனக்குத் தெரியாது, அதை நீங்கள் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகி:
சரி. இதற்கு நான் வாயை மூடிக்கொள்கிறேன். முதல் மூன்று எழுத்தைக் கிள்ளுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, ஒழுங்காக ஒரு விதியில் மாறுகிறது.

கிளுவைவேலி:
அப்போது பட்டியலில் இருந்த வெண்தோண்டி? நாட்டு மருந்துக்கடையில் கேட்டேன், கிழங்குக்கு அந்தப் பெயர் உண்டு என்றார் கடைக்காரர். இதுவும் தோன்றிதானா, இல்லை தோண்டி எடுப்பதால் தோண்டியா?

தமிழையா_ஓய்வு:
வெண்தோன்றி வாயில் புரண்டு வெண்தோண்டி ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். தோன்றி என்ன என்று மறந்துபோன பிறகு, தோண்டி என்றால் எல்லோருக்கும் புரிகிறதே.

இலைக்காம்பு:
எனக்குக் கை நடுங்குகிறது, தோவாளை அக்கா. இந்தச் செடியின் இன்றைய அறிவியல் பெயர் க்ளோரியோசா சுபெர்பா. பழைய நூல்களில் இதற்கு மாற்றுப்பெயராக மெத்தோனிகா சுபெர்பா என்று இருக்கும். மெத்தோனிகா ஏதோ கிரேக்கச் சொல் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது உங்கள் பாட்டியின் மேந்தோன்னி!

போய்த் தேடினேன். கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் முதலானவர்களை வைத்துக்கொண்டு மலபார்ச் செடிகளை எல்லாம் எழுதி வரையவைத்தார். ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ், 12 தொகுதி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதில் ஏழாம் தொகுதியில் நம் பூ இருக்கிறது, "மெந்தோனி" என்ற பெயரில். அதே காலத்தில் இலங்கையில் இருந்துவிட்டு லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போன பால் ஹெர்மான் 1687இல் தன் தோட்டப் பட்டியலில் "மெத்தோனிகா மலபாரோரம்" என்று எழுதுகிறார், மலபார்க்காரர்களின் மெத்தோனிகா. ஆம்ஸ்டர்டாம் தோட்டத்து நூலில் "லிலியம் சைலானிகம் சுபெர்பம்", அதாவது இலங்கையின் பெருமிதமான லில்லி.

பிறகு செடிகளுக்கு இரட்டைச் சொல் அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் வந்தார். கிரேக்கமும் லத்தீனும் அல்லாத பேரினப் பெயர்கள் (அந்த இரட்டைச் சொல்லில் முதல் சொல்) அவருக்கு ஆகாது, 1737இல் வெளியான க்ரிட்டிகா பொட்டானிகா நூலில் அவற்றைக் காட்டுமிராண்டிப் பெயர் என்றே சொல்கிறார். 1753இல் வந்த பெரிய நூலில் நம் பூ க்ளோரியோசா சுபெர்பா. ஒரு சொல்லுக்குப் புகழ், இன்னொரு சொல்லுக்குப் பெருமிதம். மெத்தோனிகா, மெந்தோனி இரண்டையும் அடியில் பழைய பெயர்களாகக் குறித்திருக்கிறார். கபிலரின் தோன்றி அங்கே சின்ன எழுத்தில் கிடக்கிறது.

சந்தேகி:
க்ளோரியோசா சுபெர்பா. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் போடுகிற பட்டம் மாதிரி இருக்கிறது. தீ, கலப்பை, வளைவு, மாதம், நோய் என்று நம் ஆட்கள் எதையாவது பார்த்துவிட்டு வைத்த பெயர்களுக்கு நடுவில், பூவைப் பார்க்காமலே வைக்கக்கூடிய ஒரே பெயர் இதுதான்.

பச்சிலைப்பை:
தெலுங்கில் அடவிநாபி என்பார்கள். அடவி காடு, நாபி ஒரு கடும் விஷக்கிழங்கு. காட்டு விஷம் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். நான் கண்வலியைத் தீர்க்கும் என்று சொன்னதை இத்தோடு வாபஸ் வாங்குகிறேன்.

கிளுவைவேலி:
தோன்றி என்றால் தோன்றுவது என்று வைத்துக்கொள்ளலாமா? கோடையில் அந்த வேலியில் இப்படி ஒரு கொடி இருந்த தடயமே இருக்காது. மழை விழுந்ததும் எங்கிருந்தோ வந்து நிற்கிறது.

மூலனூர்மருமகள்:
அது உண்மை அண்ணா. தை, மாசிக்கு மேல் கொடி காய்ந்து தரையோடு போய்விடும். கிழங்கு மட்டும் உள்ளே தூங்கும். பக்கத்துக் காட்டில் ஒரு வருஷம் கிழங்கை எடுக்காமல் விட்டுவிட்டார்கள், ஆடி மழைக்குக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது.

சந்தேகி:
மறுபடியும் அழகான வேர்ச்சொல்! ஆனால் இந்த முறை திட்ட மனசில்லை.

தமிழையா_ஓய்வு:
வடமராட்சித் தம்பிக்கு ஒன்று வைத்திருக்கிறேன். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ, வேறு ஒன்றும் இல்லை என்றாரே. பதினெண்கீழ்க்கணக்கில் கார் நாற்பது என்ற சின்ன நூல், மதுரைக் கண்ணங்கூத்தனார் எழுதியது, நாற்பதே வெண்பா. 26ஆம் பாட்டு:

நலமிகு கார்த்திகை நாட்டவர் இட்ட
தலைநாள் விளக்கின் தகையுடைய வாகிப்
புலமெலாம் பூத்தன தோன்றி சிலமொழி
தூதொடு வந்த மழை

கார்த்திகைத் திருநாளில் நாட்டு மக்கள் முதல் நாள் ஏற்றிவைத்த விளக்கு வரிசை மாதிரி, நிலமெல்லாம் தோன்றி பூத்துவிட்டது, மழை அவன் வரும் சேதியைத் தூதாகக் கொண்டு வந்துவிட்டது என்று பிரிந்திருப்பவளிடம் தோழி சொல்கிறாள். மழை, கார்த்திகை, விளக்கு, தோன்றி, நாலும் நாலு வரியில்.

வடமராட்சியான்:
ஐயா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. விளக்கீட்டுக்கு வீட்டு வாசலில் தீபம் வைக்கிற நேரம், மதிலுக்கு அந்தப் பக்கம் பற்றைக்குள் இந்தப் பூ நிற்கும். இரண்டையும் சேர்த்து யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இது மட்டும் போதும், தோன்றி எங்கட கார்த்திகைப்பூதான். வேறு பூ என்று இனி யார் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

இலைக்காம்பு:
நானும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். நிறம், பருவம், மலையாளப் பெயர் மூன்றும் தோன்றிக்குச் சரியாக உட்காருகின்றன. சொல்லப்போனால் காந்தளை விட நன்றாகவே உட்காருகின்றன. மணக்கும் காந்தள் எது என்ற என் உறுத்தல் அப்படியே இருக்கிறது, அதற்குத் தனி இழை போடுகிறேன், சந்தேகி அண்ணா வரவேண்டும்.

சந்தேகி:
வராமல் இருப்பேனா.

கிளுவைவேலி:
இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. நேற்று கார்த்திகை, ஊரில் இருந்தோம். மகளுக்குக் கார் நாற்பது பாட்டை மேலோட்டமாகச் சொல்லி வைத்திருந்தேன், அவள் ஒரு அகல் விளக்கை எடுத்துக்கொண்டு நேராக வேலிப் பக்கம் போய், கொடிக்குக் கீழே கல்லின் மேல் வைத்தாள். பெரும்பாலும் வாடிவிட்டது, நாலு பூ மட்டும் முழுச் சிவப்பாக நின்றது. இருட்டில் விளக்கு வெளிச்சம் அடியிலிருந்து பட்டதும் இதழ் எது சுடர் எது என்று ஒரு நொடி தெரியவில்லை. பாட்டில் இருப்பது உவமை என்றே எனக்குத் தோன்றவில்லை, பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்.

அப்பத்தாவும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தது. திட்டும் என்று நினைத்தேன், திட்டவில்லை. "வெளக்க வச்சது சரி. வெளக்கப் பாரு, பூவப் பாக்காத" என்றது.

மூலனூர்மருமகள்:
அப்பத்தா பேச்சைக் கேளுங்கள் அண்ணா. வேலியில் காய் பிடித்திருந்தால் இப்போதே எட்டாத உயரத்துக்குக் கொடியைத் தூக்கிக் கட்டிவிடுங்கள், வெடித்தால் விதை செக்கச்செவேல் என்று குன்றிமணி மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகள் பொறுக்குவார்கள்.